நடுவில் கொஞ்சம் இடம்

கழுத்து மடிப்பை அழிப்பதா, விடுவதா?

ருஷிட்சா மௌஸைப் பிடித்தபடி திரையை முறைத்துக்கொண்டிருந்தாள். திரை முழுக்க நாதெஷ்தாவின் முகம். சிரிக்கிற முகம். செத்து ஒன்பது வருஷம் ஆகியும் சிரிப்பு குறையாத முகம்.

ருஷிட்சாவின் கணவனுக்கு முதல் மனைவி அவள்.

நெகோட்டின் என்கிற எங்கள் ஊர்க் கடைத்தெருவில் மருந்துக் கடைக்கும் செருப்புக் கடைக்கும் இடையில் இருக்கிறது ருஷிட்சாவின் சின்ன ஸ்டூடியோ. பாஸ்போர்ட் படம், ஞானஸ்நானப் படம், காபிக் கோப்பையில் அச்சடிக்கிற படம் எல்லாம் அங்கே உண்டு. ஆனால் அதிகம் வருவது கல்லறைப் படம்தான். விருந்தில், தோட்டத்தில், யாரோ எப்போதோ போகிற போக்கில் எடுத்த படத்தைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். "இதுலதாங்க அப்பா அப்பா மாதிரியே இருக்காரு. அந்த பீர் பாட்டிலை மட்டும் எடுத்துடுங்க." ருஷிட்சா பாட்டிலை எடுப்பாள். பின்னால் காய்கிற உள்ளாடைகளை எடுப்பாள். கண்ணில் விழுந்த நிழலைக் கொஞ்சம் வெளுக்க வைத்து, ஓரங்களை வெட்டிக் கொடுப்பாள். அதைப் பார்த்துக் கறுப்பு கிரானைட்டில் ஊசியால் முகத்தைக் கொத்திவிடுவார்கள்.

செத்தவர் முகத்தை மட்டுமல்ல. பக்கத்தில், உயிரோடு இருக்கிற புருஷன் அல்லது பெண்டாட்டி முகத்தையும் சேர்த்தே கொத்திவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். பெயர், பிறந்த வருஷம், ஒரு சின்னக் கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம் காலி. ஆள் பாட்டுக்குச் சந்தையில் தக்காளிக்கு பேரம் பேசிக்கொண்டிருப்பார். அவர் முகம் கல்லறை மேட்டின் மேல் கல்லில் காத்துக்கொண்டிருக்கும். யாரும் முகம் சுளிப்பதில்லை. பிள்ளைகளுக்குப் பிற்பாடு அலைச்சல் மிச்சம்.

சிக்கல், இரண்டாவதாகக் கட்டிக்கொண்டு வந்தவளுக்குத்தான்.

வசந்த காலத்து மழையில் மேட்டு மண் சரிந்து நாதெஷ்தாவின் பழைய கல் இரண்டாக உடைந்தது. வியன்னாவில் இருக்கிற அவள் மகள் யாஸ்னா, புதுக் கல் வைத்தே தீருவது என்று கிளம்பிவிட்டாள். போன வாரம் ஃபோன்.

"ரூஷா, படம் ஒண்ணு அனுப்பியிருக்கேனே, பாத்தீங்களா?"

யாஸ்னா பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள். ஆனால் 'நீங்க' போட்டுவிடுவாள். அந்த இரண்டுக்கும் இடையிலான சந்தில்தான் ருஷிட்சா ஐந்து வருஷமாகக் குடியிருக்கிறாள்.

"பாத்தேன்."

"திராட்சை அறுப்பு அன்னிக்கு நான் எடுத்தது. எனக்கு அப்ப பதினாறு. எடுக்கறது ரெண்டு பேருக்குமே தெரியாது. அதான் அவ்ளோ உயிரா இருக்கு. அதையே கல்லுல போட்டுடலாம்."

"அப்பாவையுமா?"

"அப்பா இல்லாம எப்படி?"

ருஷிட்சா ஃபோனை மறு காதுக்கு மாற்றினாள்.

"வேற யார்கிட்ட குடுத்தாலும் மூஞ்சிய மெழுகு பொம்மை மாதிரி வழிச்சு வெச்சுடுவாங்க ரூஷா. நீங்க பண்ணாத்தான் அவங்க அவங்களா இருப்பாங்க. கல்லு நல்லா அகலமா சொல்லியிருக்கேன். ஏன்னு நேர்ல வந்து சொல்றேன். வெச்சுடட்டா?"

புகழ்ந்த மாதிரியும் இருந்தது, அறைந்த மாதிரியும் இருந்தது.

அன்று சாயங்காலம் முற்றத்தில் கணவன் திஹோமிர் தகர அடுப்பைப் பற்றவைத்துக் குளிர்காலச் சேமிப்புக்குச் சிவப்புக் குடைமிளகாய் சுட்டுக்கொண்டிருந்தான். ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். இன்னமும் எதைச் செய்தாலும் கண்ணாடியில் பின்னால் வருகிறவனைப் பார்க்கிற மாதிரி ஒரு தலைத் திருப்பல் உண்டு.

"திஹோ, எனக்கு எங்க எடம்?" என்றாள் ருஷிட்சா.

"எதுக்கு?"

"செத்தா."

"இப்பவேவா? மொதல்ல அந்தத் தட்ட எடு, மிளகாய் கருகுது."

தட்டை எடுத்துக் கொடுத்தாள். விடவில்லை. "உன் பொண்ணு கல்லு செய்யச் சொல்லியிருக்கா. உன் மூஞ்சியோட."

"லட்சணமான மூஞ்சிதானே. கொத்தட்டும்."

"நாதெஷ்தா பக்கத்துல."

திஹோமிர் மிளகாயைத் திருப்பிப் போட்டான். தோல் வெடித்துப் புகைந்தது. "அவ அங்கதானே இருக்கா ரூஷா? நான் என்ன பண்ணட்டும்?"

"நானும் ஒரு நாள் அங்கதானே வரணும்? உங்க ரெண்டு பேருக்கும் கால்மாட்டுல போடுவீங்களா? இல்ல, வேலி ஓரமாவா?"

"எனக்கு உன்னைவிட பத்து வயசு கூட. நான் முன்னாடி போயிடுவேன். நீ பின்னாடியே வந்து ஒரு எடம் புடிச்சுக்கோ. பஸ்ல ஜன்னல் வழியா பையப் போட்டு சீட்டுப் புடிப்பாங்களே, அந்த மாதிரி."

சொல்லிவிட்டு அவனே சிரித்தான். ருஷிட்சாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஜன்னல் ஓரத்தில் ஏற்கெனவே ஒருத்தி உட்கார்ந்திருக்கிற பஸ் அது.

இப்போது அந்தப் படம் திரையில்.

இடப்பக்கம் நாதெஷ்தா. கையில்லாத சட்டை, முழங்கை வரை திராட்சைக் கறை. வலப்பக்கம் திஹோமிர், தலையில் முடி இருந்த காலத்துத் திஹோமிர். அவள் ஏதோ சொல்லிவிட்டு அவன் பக்கம் முகத்தைத் திருப்பிச் சிரிக்கிறாள். அவனோ கையில் எடுத்த ரொட்டியைக் கடிக்க மறந்து, வாயைப் பாதி திறந்தபடி அவளையே பார்க்கிறான். இரண்டு தோள்களும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

அந்தப் பார்வைதான்.

தொழில் தெரிந்தவள் ருஷிட்சா. கேமராவைப் பார்த்து விறைத்து நிற்கிற ஆயிரம் படங்களில் கிடைக்காதது, தெரியாமல் எடுத்த ஒரு படத்தில் மாட்டிக்கொள்ளும் என்பது அவளுக்குத் தெரியும். அது இதில் மாட்டியிருந்தது. வசமாக.

அவளும் திஹோமிரும் சேர்ந்திருக்கிற படம் என்று ஒன்றுகூடக் கிடையாது. கல்யாணத்தன்றே பாதி நேரம் கேமரா அவள் கையில்தான் இருந்தது. "நீ எடுத்தாத்தான் நல்லா வரும்" என்பார்கள் எல்லோரும். அவள் எடுத்த படங்களில் அவன் கேமராவைப் பார்ப்பான், பன்றி வறுவலைப் பார்ப்பான், ஒரு படத்தில் வானத்தைக்கூடப் பார்க்கிறான். இப்படி, ரொட்டியைக் கடிக்க மறந்து, ஒரு தடவையாவது?

வயிற்றுக்குள் ஒரு தகர அடுப்பு பற்றிக்கொண்டது.

முதலில் ஒழுங்காகத்தான் ஆரம்பித்தாள். பின்னால் கிடந்த நீல பிளாஸ்டிக் வாளியை நீக்கினாள். யாருடையதோ ஒரு முழங்கை, நாயின் பின்பக்கம், ஒரு காலி சோடா பாட்டில் எல்லாம் போயின. நிழலில் கிடந்த கண்களுக்கு வெளிச்சம் ஏற்றினாள். நாதெஷ்தாவின் கழுத்து மடிப்பில் வந்து கை நின்றது. விட்டுவிட்டால் என்ன? கல்லில் காலாகாலத்துக்கும் இரட்டை மோவாயோடு கிடக்கட்டுமே!

மனசு வரவில்லை. அன்பினால் அல்ல, 'ரூஷா கை பட்ட படம்' என்று ஊர் பார்க்கப்போகிற படம் அது. எதிரியின் கழுத்தானாலும் கழுத்து கழுத்துதான். மடிப்பு மறைந்தது. நாதெஷ்தா இன்னும் அழகாகிவிட்டாள்.

அதுதான் வினையாகிப் போனது.

"அவ்வளவு அழகா நீ?" என்று திரையிடம் கேட்டாள் ருஷிட்சா. "சரி. அவன் எந்தப் பக்கம் பாக்கறான்னு பாப்போம்."

திஹோமிரை மட்டும் சுற்றிக் கோடு போட்டாள். தனியாக எடுத்தாள். பட்டியலில் 'கிடைமட்டமாகத் திருப்பு' என்று ஒரு வரி. ஒரே ஒரு தட்டல்.

திஹோமிர் திரும்பிக்கொண்டான்!

அதே பார்வை, அதே பாதி திறந்த வாய். ஆனால் இப்போது அவன் பார்ப்பது வலப்பக்கத்து ஓரத்தில் நிற்கிற ஒரு திராட்சைக் கொடியை. நாதெஷ்தா அவன் முதுகைப் பார்த்து இளித்துக்கொண்டிருந்தாள்.

ருஷிட்சாவின் உடம்பில் ஒரு சந்தோஷம் ஓடியது. ஐஸ் தண்ணீர் குடித்த மாதிரி.

ஒரே ஒரு குறை. வலக்கை மோதிரம் இடக்கைக்குப் போய்விட்டது. எங்கள் ஊரில் கல்யாண மோதிரம் வலக்கையில்தான். இடக்கையில் கண்டால் முதல் கிழவியே கண்டுபிடித்துவிடுவாள். சரிசெய்ய வழி இருந்தது. ஆனால் அது நாதெஷ்தா போட்ட மோதிரமாயிற்றே? ருஷிட்சா பக்கத்துத் தோலை நகலெடுத்து விரலின் மேல் இரண்டு தடவை தடவினாள். மோதிரம் காணாமல் போனது.

அப்புறமும் தோள்கள் உரசிக்கொண்டுதான் இருந்தன. கணவனைப் பிடித்து வலப்பக்கமாக நகர்த்தினாள். கொஞ்சம். இன்னும் கொஞ்சம். நடுவில் ஒரு தாராளமான வெளி விழுந்தது. அங்கே மங்கலான திராட்சைக் கொடிகளை இழுத்து நிரப்பினாள். கல்லில் அதுகூடத் தெரியாது. வெறும் கறுப்பாக இருக்கும். நல்ல, அகலமான, குளிர்ந்த கறுப்பு.

படத்தை அனுப்பிய அரை மணியில் யாஸ்னா அழைத்தாள். குரல் கரகரத்திருந்தது.

"அம்மா என்ன அழகு ரூஷா! இப்பதான் சிரிச்சு முடிச்ச மாதிரி... ஆமா, அப்பா ஏன் அந்தப் பக்கம் பாக்கறாரு?"

"மூஞ்சில வெயில் அடிச்சு கண்ணு இடுங்கியிருந்துச்சு. இப்படித் திருப்பினாத்தான் கல்லுல மூக்கு எடுப்பா வரும்."

"அப்பா மூக்கு எந்தப் பக்கம் திருப்பினாலும் எடுப்பாதானே இருக்கும்!" யாஸ்னா சிரித்தாள். "சரி, நீங்க சொன்னா சரிதான்."

மறுநாள் கல்லில் படம் கொத்துகிற மியோட்ராக்கிடமிருந்து ஃபோன். ஆயிரம் முகங்களைக் கொத்திக் கொத்திக் கண்ணில் தடித்த கண்ணாடி ஏறிய மனிதர்.

"ரூஷா, படம் வந்துச்சு. ஒரு சந்தேகம். ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு ஆள் நிக்கற அளவுக்கு எடம் கெடக்கே. கைத்தவறா, வேணும்னே விட்டதா?"

கைத்தவறு என்று சொன்னால் 'அப்ப ஒட்டிவெச்சுடறேன்' என்பார். ருஷிட்சா அவசரமாகச் சொன்னாள்:

"வேணும்னேதான்."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். "அப்படியா? ஓ... அப்படியா! இந்த எண்ணம் யாருக்கும்மா வரும்? பெரிய மனசு உனக்கு. நான் யாஸ்னாகிட்ட பேசிக்கறேன்."

வைத்துவிட்டார்.

பெரிய மனசா? ருஷிட்சா ஃபோனையே பார்த்துக்கொண்டு நின்றாள். கிழவருக்கு வேறு யாருடைய படத்தோடோ குழம்பிவிட்டது போல என்று நினைத்துக்கொண்டாள்.

நவம்பர் மாதத்து ஆன்மாக்கள் சனிக்கிழமை, செத்தவர்களுக்குப் படைக்கிற நாள். மேடு முழுக்க மெழுகுவத்திப் புகை. ஒவ்வொரு கல்லின் முன்னாலும் துண்டு விரித்து ரொட்டி, வேகவைத்த கோதுமை, சீஸ், சிகரெட் பிடித்துச் செத்தவருக்கு ஒரு சிகரெட். யாஸ்னா முந்தின நாளே காரை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டாள். திஹோமிர் கோட்டுப் பையில் ரக்கியா சாராயப் புட்டி. ருஷிட்சா கையில், தானே சுட்ட ரொட்டி. எதிராளி வீட்டுக்குப் போகும்போது வெறுங்கையோடு போகக்கூடாது என்று அடுப்படியில் நின்று சுட்டது.

புதுக் கல் நைலான் துணிக்குள் நின்றது. மியோட்ராக் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

"இழுங்க" என்றாள் யாஸ்னா.

துணி விழுந்தது.

இடப்பக்கம் நாதெஷ்தா, சிரித்தபடி. வலப்பக்கம் திஹோமிர், வேறெங்கோ பார்த்தபடி. அவனுக்கு அப்பால் ஓரமாக ஒரு திராட்சைக் கொடி. எல்லாம் அவள் அனுப்பியபடியே. நடுவில் அந்தக் கறுப்பு வெளி.

வெளிக்குக் கீழே எழுத்துகள் இருந்தன.

ருஷிட்சா. 1968. ஒரு சின்னக் கோடு.

அவள் கையிலிருந்த ரொட்டி நழுவ, அதைத் திஹோமிர் பிடித்துக்கொண்டான்.

"இது... இது யாரு..." என்றாள்.

யாஸ்னா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் நிறைந்திருந்தது. "கல்லு அகலமா சொன்னேனே, இதுக்குத்தான். நான் என்ன நெனச்சிருந்தேன் தெரியுமா? அப்பாவை நடுவுல விட்டு, அம்மா ஒரு பக்கம், நீங்க அந்தக் கோடியில. வலது பக்கம். நேர்ல வந்து உங்ககிட்ட எப்படிக் கேக்கறது, ஒத்துப்பீங்களான்னு தவிச்சுட்டு இருந்தேன். அப்ப மியோட்ராக் ஃபோன் பண்ணி, 'ரூஷாவே நடுவுல எடம் விட்டிருக்கா, வேணும்னேதான் விட்டாளாம்'ங்கறாரு! எங்கம்மா பக்கத்துல நிக்கணும்னு நீங்களா கேக்காம கேட்டிருக்கீங்க. அன்னிக்கு நான் எவ்ளோ அழுதேன் தெரியுமா?"

மியோட்ராக் மறுபடி மூக்கை உறிஞ்சினார்.

ருஷிட்சாவுக்கு வேறெதுவும் ஏறவில்லை. 'வலது பக்கம்' என்ற இரண்டு சொல் மட்டும் காதுக்குள் மணி அடித்தது. கல்லைப் பார்த்தாள். திஹோமிர், ரொட்டியைக் கடிக்க மறந்து, உலகத்தையே மறந்து பார்த்துக்கொண்டிருந்தான். வலது பக்கத்தை. திராட்சைக் கொடியை!

திருப்பியதோடு நிறுத்தியிருந்தால் போதுமே. நகர்த்தாமல் விட்டிருந்தால் அந்தக் கொடி இருக்கிற இடத்தில் அவள். அந்தப் பார்வை முழுக்க முழுக்க அவளுக்கு. காலாகாலத்துக்கும். நாதெஷ்தாவின் கண்ணெதிரேயே.

இப்போது? நடுவில் நிற்கப்போகிறவளுக்குக் கணவனின் முதுகு. இந்தப் பக்கம் திரும்பினால், தன்னைப் பார்த்தே சிரிக்கிற நாதெஷ்தா. அந்தச் சிரிப்பைத் தூசு தட்டி, வெளிச்சம் ஏற்றி, கழுத்து மடிப்பை எடுத்து, அழகாக்கி வைத்தது யார்?

"மாத்த முடியாதா?" என்று மெல்லக் கேட்டாள் மியோட்ராக்கிடம்.

"எதை?"

"இல்ல... சும்மா கேட்டேன். இந்த முகம் எல்லாம்..."

"கல்லும்மா இது! உன் கம்ப்யூட்டரா, அழிச்சு அழிச்சு எழுத?"

திஹோமிர் கல்லுக்குக் கிட்டே போய், குனிந்து, அதில் கொத்தியிருந்த தன் கையை உற்றுப் பார்த்தான். இடக்கை. வலக்கை. நிமிர்ந்து மனைவியின் காதோரம் வந்தான்.

"மோதிரத்தக் கழட்டினது நீதானே?"

"எந்த மோதிரம்?"

"நாப்பது வருஷம் பஸ் ஓட்டினவன் ரூஷா. பின்னாடி சீட்டுல யாரு யாரைக் கிள்றாங்கன்னு கண்ணாடியிலயே தெரியும் எனக்கு." உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினான். "என்னைக் கோவிச்சுக்கிட்டுப் போறவன் மாதிரி நிக்க வெச்சுட்டியே. சீட்டுப் புடிக்கச் சொன்னா டிரைவரையே திருப்பிட்டே."

"சத்தமா பேசாத. பொண்ணு காதுல விழும்."

"விழட்டுமே. அது ஏற்கெனவே உன்னை மகானாக்கிடுச்சு."

யாஸ்னா கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "இனி உங்க படம் ஒண்ணு வேணும் ரூஷா. நல்லதா ஒண்ணு குடுங்க."

"என் படமா? எங்கிட்ட ஏது?"

"ஒண்ணுகூடவா இல்ல?"

"நான்தானே எடுக்கறவ."

திஹோமிரின் முகத்திலிருந்து குறும்பு இறங்கிப்போனது. மகளிடமிருந்து ஃபோனை வாங்கிக்கொண்டு, எங்கே தட்டுவது என்று கேட்டுக்கொண்டான்.

ருஷிட்சா அதைக் கவனிக்கவில்லை. அவள் கண் கல்லில் இருந்தது. நாதெஷ்தாவின் சிரிப்பில் இருந்தது. 'வந்துட்டியா?' என்று கேட்கிற சிரிப்பு. இவளும் ஒரு புருவத்தைத் தூக்கி, உதட்டை இறுக்கி, விடாமல் முறைத்தாள். 'வரேன். வந்து பேசிக்கறேன்.'

க்ளிக்.

"எடுத்துட்டேன்" என்றான் திஹோமிர், பெருமையாக.

யாஸ்னா எட்டிப் பார்த்துக் கைதட்டிவிட்டாள். "அப்பா! என்ன இயல்பா வந்திருக்கு! அம்மாவையே பாத்துட்டு நிக்கறீங்க ரூஷா. கல்லுல நேருக்கு நேர் வரும். இதத்தான் போடணும். நீங்க இதைத் தொடக்கூடாது, சொல்லிட்டேன்."

திங்கட்கிழமை ஸ்டூடியோவில் அந்தப் படம் திரைக்கு வந்தது. திஹோமிர் அவளை எடுத்த முதல் படம். கொஞ்சம் சாய்ந்திருந்தது. ஓரத்தில் அவன் விரல் வேறு விழுந்திருந்தது.

சாய்வை நிமிர்த்தினாள். விரலை வெட்டவில்லை, எப்படியும் கல்லுக்குப் போகாது, இருந்துவிட்டுப் போகட்டும். பிறகு முகத்தைப் பெரிதாக்கினாள்.

அப்பட்டமாக இருந்தது. யாஸ்னாவின் கண்ணீரும் மியோட்ராக்கின் கண்ணாடியும் பார்க்கத் தவறியது அத்தனையும் இருந்தது. தூக்கிய புருவத்தில், இறுகிய உதட்டில், பக்கத்து வீட்டுக்காரியின் புதுத் திரைச்சீலையைப் பார்க்கிற மாதிரியான அந்தக் கண்ணில்.

உதட்டோரத்தைப் பிடித்துக் கொஞ்சம் மேலே இழுத்தாள். ருஷிட்சா புன்னகைத்தாள், பல்பொடி விளம்பரத்தில் வருகிறவள் போல. யாரோ. நாதெஷ்தா ஒரே சிரிப்பில் ஊதித் தள்ளிவிடுவாள் இவளை. இழுத்ததை ரத்து செய்தாள். கழுத்துக்குப் போனாள். அங்கேயும் ஒரு மடிப்பு இருந்தது. மௌஸை எடுத்தாள், வைத்தாள்.

திரும்பி நிற்கிறவனை நம்ப முடியாது. சிரிக்கிறவளைச் சுத்தமாக நம்ப முடியாது. நடுவில் நின்று பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டாமா?

அனுப்பிவிட்டாள். சற்று நேரத்தில் மியோட்ராக் அழைத்தார்.

"ரூஷா, படம் வந்துச்சு. ஆனா மூஞ்சி கொஞ்சம் கடுகடுன்னு இருக்கேம்மா. சரி பண்ண மறந்துட்டியா, இல்ல..."

"வேணும்னேதான்" என்றாள் ருஷிட்சா. "அந்தப் புருவத்தை மட்டும் நல்லா ஆழமா கொத்துங்க."